முதல் எண்ணெய்

சீயக்காய்ப் பொட்டலம் வெங்காயக் கூடைக்குப் பின்னால்தான் இருந்தது. ஜெயலெட்சுமி அதை மூன்று தடவை பார்த்தும் எடுக்காமல் அலமாரிக் கதவுகளைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். நான்காவது தடவை எடுத்தாள். எடுத்ததைக் கையில் வைத்துக்கொண்டே மறுபடியும் தேடினாள். பின்வாசலில் நின்ற அய்யாக்கண்ணு இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஜெலுத்தோங் பக்கம் எந்த இந்து வீட்டில் சாவு விழுந்தாலும் சடங்குக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். சாவு வீட்டுப் பெண்கள் கையில் இருப்பதையே தேடுவது அவருக்குப் புதிதல்ல.

"கையிலதான்மா இருக்கு. கொடுங்க, என் வீட்டுக்காரம்மா கரைச்சிக்குவாங்க," என்றார். "ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். இறந்தவங்களுக்குப் புள்ளைங்க எத்தன பேரு?"

"கல்யாணம் ஆகல."

"அப்ப புள்ள இல்ல." சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார். "புள்ளைங்க இருந்தா அவங்கதான் தலைக்கு முதல் எண்ணெ வைக்கணும். இல்லாதவங்களுக்குக் கூடப்பொறந்தவங்க. அக்கா நீங்கதானே? அப்ப நீங்க முதல்ல வைங்க. அப்பறம் மத்தவங்க. சரியாம்மா?"

"சரி," என்றாள் ஜெயலெட்சுமி.

சொல்லிவிட்டாள். யோசிக்கக்கூட இல்லை. பதினைந்து வருஷமாகப் பழகிய வாய், யாரும் தட்டாமலே தானாகத் திறந்து மூடியது.

கூடத்தில் தங்கை சுபாஷினி பெட்டிக்குள் கிடந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து காலை ஒன்பது மணிக்குக் கொண்டுவந்தார்கள். பத்து லாஞ்சாங் மயானத்தில் மூன்று மணிக்கு நேரம் வாங்கியாகிவிட்டது. நாற்பத்து மூன்று வயது. புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் சரக்கைச் சோதித்து அனுப்பும் வேலை. செபராங் ஜெயாவில் தனியாக ஒரு வாடகை வீடு. ஞாயிற்றுக்கிழமையானால் கடல் பாலத்தைத் தாண்டி அக்காள் வீட்டுக்கு வந்துவிடுவாள். இப்போது அவளுடைய உதடு வீங்கியிருந்தது. அது மட்டும் அவள் உதடு மாதிரி இல்லை. யாரோ அதில் லேசாகப் பவுடர் பூசியிருந்தார்கள்.

ஜெயலெட்சுமிக்கு அழுகை வரவில்லை. வந்தவர்கள் எல்லாரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். அவர்களுடைய தோளுக்கு மேலே அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழாமல் இருப்பது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

புள்ள இல்ல என்று அய்யாக்கண்ணு குறித்துக்கொண்டாரே, அது உண்மையில்லை. உண்மை தெரிந்தவர்கள் மொத்தமே நாலு பேர். ஒருத்தி பெட்டிக்குள் இருந்தாள். ஒருத்தி இந்த இரண்டு பெண்களையும் பெற்றவள், அவள் போய் ஆறு வருஷமாகிறது. மிச்சம் இருந்தது ஜெயலெட்சுமியும் அவள் புருஷன் சந்திரசேகரனும்தான்.

ஜெயலெட்சுமிக்குக் கல்யாணமான ஏழு வருஷத்தில் நாலு தடவை கலைந்தது. மாமியார் நல்லவள்தான், வாய்தான் கெட்டது. காய்க்காத மரத்துக்கு எதுக்குத் தண்ணி என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வது போல மருமகளுக்குச் சொல்வாள். தண்ணீர்மலை முருகனுக்கு இரண்டு தைப்பூசம் பால்குடம் எடுத்தாயிற்று. கடைசியில் பேங்காக்கில் ஒரு டாக்டர், கருவில் குறையில்லை, உன் கர்ப்பப்பையில்தான் தங்காது, வேறொருத்தி சுமந்தால் பிள்ளை நிச்சயம் என்றார். ஊரில் அதற்கு வாடகைத் தாய் என்று பெயர். சுபாஷினி வாடகை ஒன்றும் கேட்கவில்லை. அம்மா வீட்டு அடுப்படியில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தவள், திரும்பிக்கூடப் பார்க்காமல், "என் வயிறு சும்மாதானேக்கா இருக்கு, நான் வச்சிக்கறேன்," என்றாள். அப்போது அவளுக்கு இருபத்தெட்டு வயது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இவர்கள் மறைத்தார்கள். அக்காள் தங்கை இரண்டு பேரும் சுங்கை பட்டாணியில் ஆறு மாதம் வீடு எடுத்துத் தங்கினார்கள். ஜெயாவை டாக்டர் படுத்த படுக்கையாக இருக்கச் சொல்லிவிட்டார், துணைக்குத் தங்கச்சி இருக்கிறாள் என்று மாமியாருக்குச் சொல்லப்பட்டது. யார் பெறுகிறாளோ அவள் பெயர்தான் பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் ஏறும். அதனால் வலி எடுத்ததும் சுபாஷினி அக்காளின் ஐசியை, அதாவது அடையாள அட்டையை, எடுத்துக்கொண்டு போய், ஒரு சின்னத் தனியார் பிரசவ விடுதியில் அக்காளின் பெயரில் படுத்தாள். இரண்டு பேருக்கும் அம்மாவின் முகம். ஐசியில் இருந்த போட்டோவை யாரும் இரண்டாவது தடவை பார்க்கவில்லை.

வயிற்றைக் கிழித்துத்தான் பிள்ளையை எடுத்தார்கள். அப்புறம் போட்ட பென்சிலின் ஊசி சுபாஷினிக்கு ஒத்துக்கொள்ளவில்லை. உடம்பு தடித்து, தொண்டை அடைத்து, மூச்சு நின்றேவிட்டது. எப்படியோ இழுத்துப் பிடித்துக் காப்பாற்றினார்கள். இனி ஆயுசுக்கும் இந்த மருந்து ஆகாது, எங்கே போனாலும் இதைக் காட்டவேண்டும் என்று டாக்டர் ஒரு சிவப்பு அட்டை எழுதிக் கொடுத்தார். அதில் இருந்தது ஜெயலெட்சுமியின் பெயர், ஜெயலெட்சுமியின் ஐசி எண்.

"உன் பேரு தானே, நீயே வச்சிக்க," என்று சுபாஷினி படுத்தபடியே சிரித்தாள். சிரித்தால் தையல் வலிக்கும் என்று அம்மா அதட்டினாள்.

ஜெயலெட்சுமி வைத்துக்கொண்டாள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பொய்யை வீட்டுக்குள் விட்டால் அது ஒரு மூலையில் உட்கார்ந்திருக்காது. அரசாங்க கிளினிக்கில் ஐசியைக் கொடுத்ததும், உங்களுக்குப் பென்சிலின் ஆகாதே என்பார்கள். ஆமாம் என்பாள். தொண்டைப் புண்ணுக்கு இரண்டு வாரம் வேறு மருந்து சாப்பிட்டுக் கஷ்டப்பட்டாள். உறவில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், எனக்கு அந்த மருந்தே ஆகாது என்று முந்திக்கொண்டு சொல்வாள். மகள் ஷர்மினியின் பிறந்தநாள் வந்தால் கேக் வெட்டியதும் அந்தக் கதைதான். ஊசி போட்டதும் மூச்சு நின்றது, டாக்டர் நெஞ்சில் குத்தினார், கண்ணைத் திறந்ததும் முதலில் உன் அழுகைதான் கேட்டது என்று விஸ்தாரமாகச் சொல்வாள். எதிரே உட்கார்ந்து சுபாஷினி கேக் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். ஒரு தடவைகூட முகம் மாறியதில்லை.

அவளுக்கும் இரண்டு வரன் வந்தது. "தழும்பு எதுன்னு கேட்டா என்னாக்கா சொல்றது?" என்று கேட்டாள். கட்டி ஆபரேஷன் என்று சொல்லேன் என்றாள் ஜெயலெட்சுமி. சுபாஷினி, "அப்படிப் பொய் சொல்லிட்டு ஒருத்தரோட குடும்பம் நடத்த முடியாதுலா," என்றாள். அதோடு கல்யாணப் பேச்சு நின்றது. ஜெயலெட்சுமிக்கு உள்ளூர நிம்மதியாகத்தான் இருந்தது. அதற்காக அவள் அப்போது வெட்கப்படவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வரும்போதே சுபாஷினிக்குக் காய்ச்சல். தொழிற்சாலையில் காலில் ஏதோ கிழித்துச் சீழ் வைத்திருந்தது. கிளினிக் போகலாம் போகலாம் என்று அக்காள் வீட்டிலேயே இரண்டு நாளைக் கடத்தினாள். செவ்வாய்க்கிழமை காலை பிதற்ற ஆரம்பித்துவிட்டாள். சந்திரசேகரன் காரை நிறுத்த இடம் தேடிப் போக, அவசரப் பிரிவில் ஜெயலெட்சுமியும் ஷர்மினியும்தான் பக்கத்தில் நின்றார்கள். சுபாஷினியின் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் மாட்டியிருந்தது, அவளால் பேச முடியவில்லை. நர்ஸ் ஒருத்தி அட்டையும் பேனாவுமாக வந்தாள். ஷாஹிரா என்று சட்டையில் பெயர் இருந்தது. மருந்து ஒவ்வாமை ஏதாவது உண்டா என்று மலாயில் கேட்டாள்.

"தாக் அடா," என்றாள் ஜெயலெட்சுமி. இல்லை.

ஷர்மினி அவள் கையைத் தொட்டாள். "மா, சிவப்புக் கார்டு இருக்கே?"

"அது எனக்குடி. சித்திக்கு ஒண்ணும் இல்ல."

சத்தியமாக அந்த நேரத்தில் அது அவளுக்குப் பொய்யாகத் தெரியவில்லை. தனக்குத்தான் அந்த மருந்து ஆகாது, பெற்றதும் தான்தானே. ஊசி ஏறிக் கால்மணி நேரத்தில் திரைக்குப் பின்னால் ஆட்கள் ஓடினார்கள். அப்போதும் அவளுக்கு உறைக்கவில்லை. வெளியே வந்த டாக்டர், மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, எவ்வளவோ பார்த்தோம், முன்னாலேயே தெரிந்திருந்தால் வேறு மருந்து கொடுத்திருக்கலாம் என்று மெதுவாகச் சொன்னார். அப்போதுதான் உறைத்தது. அந்த நிமிஷத்திலிருந்து அவளுக்குக் கை கால் எல்லாம் வேறு யாருடையதோ போல இருந்தது.

நேற்று வீட்டுக்கு வந்ததும் சந்திரசேகரன் அறைக்கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். "கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"நீ என்னா சொன்னே?"

"இல்லன்னேன்."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். "யார்கிட்டயும் சொல்லாத ஜெயா. பாப்பாவுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்," என்றார். அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். போனவள் போய்விட்டாள். இருக்கிற ஒரு பெண்ணையும் இழக்க அவளுக்குத் தெம்பு இல்லை.

பின்கட்டில் துணி துவைக்கும் சிமெண்டுத் தரையில் பெஞ்சு போட்டு, சுற்றிலும் நாலு சேலை கட்டி மறைத்திருந்தார்கள். ஆண்கள் தூக்கிவந்து கிடத்திவிட்டு வெளியேறினார்கள். உள்ளே அய்யாக்கண்ணுவின் மனைவி, ஜெயலெட்சுமி, அவளுடைய நாத்தனார் பாக்கியவதி. மூன்று பேர் போதும் என்றிருந்தது. அதற்குள் ஷர்மினி சேலையை விலக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"வயசுப் பொண்ணு, உனக்கு எதுக்கு இது? வெளிய போ," என்றாள் பாக்கியவதி.

"நான் சித்தி கூட இருக்கணும் அத்தை," என்றாள் ஷர்மினி. குரலை உயர்த்தவில்லை. ஆனால் நகரவும் இல்லை.

அய்யாக்கண்ணுவின் மனைவி நிதானமான பெண். மேலே ஒரு சேலையைப் போர்த்தி, அதற்கு அடியிலேயே ஆஸ்பத்திரித் துணியை உருவினாள். இடுப்பைத் திருப்பியபோது சேலை கொஞ்சம் விலகியது. அவள் கை நின்றது.

"கல்யாணம் ஆகலன்னு சொன்னாங்களே," என்றாள். "இது புள்ள பெத்த தழும்பாச்சே."

"கட்டி," என்றாள் ஜெயலெட்சுமி. "கட்டி ஆபரேஷன்."

எவ்வளவு சுளுவாக வந்தது அது. அந்தப் பெண் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். எத்தனையோ உடம்பைக் கழுவியவளுக்கு எது எந்தத் தழும்பு என்று தெரியாமல் இருக்காது. ஆனாலும் சேலையை இழுத்து மூடிவிட்டாள். அதோடு முடிந்திருக்கும். உலை வாயை மூடலாம், பாக்கியவதி வாயை மூட முடியாது.

"கட்டியா? எப்ப எடுத்தாங்க? எந்த ஆஸ்பத்திரில? எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லலியே ஜெயா." பதிலுக்குக் காத்திராமல் அய்யாக்கண்ணுவின் மனைவி பக்கம் சாய்ந்து, மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு சொன்னாள். "அதான் கல்யாணமே வேணான்னு இருந்தாளா. செபராங் ஜெயால தனியா வீடு வேற. எவன்கிட்ட ஏமாந்தாளோ. புள்ளைய எங்க வீசிட்டு வந்தாளோ, யாரு கண்டா."

குழாய் சரியாக மூடப்படாமல் சொட்டிக்கொண்டிருந்தது. ஜெயலெட்சுமி அதைப் பார்த்தாள். சும்மா இருந்தால் போதும். சாயங்காலம் எல்லாம் சாம்பலாகிவிடும். பாக்கியவதி தன் ஊரான புக்கிட் மெர்த்தாஜாம் போய்ச் சேருவதற்குள் பத்துப் பேரிடம் சொல்வாள். பிள்ளையை வீசியவள் என்ற பேரோடு சுபாஷினி போவாள், அவ்வளவுதான். வாயைத் திறந்தால் ஷர்மினி யார் வயிற்றில் பிறந்தாள் என்பது வெளியே வரும். அது வந்தால் ஊசியும் வரும். படிப்பில் கெட்டிக்காரி. கூட்டிப் பார்க்க அவளுக்கு ஒரு நிமிஷம் ஆகாது.

"வீசல அண்ணி," என்றாள். "இந்தா நிக்கிறா."

பாக்கியவதி புரியாமல் சுற்றும் முற்றும் பார்த்தாள். ஷர்மினி அம்மாவைப் பார்த்தாள்.

"என் வயித்துல எதுவும் தங்கல. கரு எங்களோடது, உங்க தம்பியோடதும் என்னோடதும். சுமந்தது இவ. பெத்ததும் இவதான். இந்தத் தழும்பு ஷர்மினிக்காக வந்தது."

"என்னாடி உளர்றே?" என்றாள் பாக்கியவதி.

ஷர்மினியின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. போர்த்திய சேலைக்கு அடியில் சித்தியின் வயிறு இருக்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுங்கை பட்டாணிலயா?" என்றாள்.

"ஆமா."

"உங்க பேர்லயா?"

"ஆமா. என் ஐசிய எடுத்துக்கிட்டுப் போனா."

ஷர்மினி உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறந்தநாள் தோறும் கேட்டு மனப்பாடமான கதை. அதை உள்ளுக்குள் வரிவரியாகப் பெயர் மாற்றிப் படிக்கிறாள் என்று ஜெயலெட்சுமிக்குத் தெரிந்தது. நிறுத்தச் சொல்லவேண்டும் போல இருந்தது. எதைச் சொல்லி நிறுத்துவது?

"அப்ப ஊசி?" என்றாள் ஷர்மினி.

ஜெயலெட்சுமி கையை எட்டிச் சொட்டும் குழாயை இறுக மூடினாள்.

"மூச்சு நின்னுச்சே. அது யாருக்குமா?"

"சித்திக்கு."

"கார்டு?"

"சித்தியோடதுதான்."

"நான் கேட்டேன்லா," என்றாள் ஷர்மினி. கத்தவில்லை. பள்ளிக்கூடத்தில் விட்டுப்போன கணக்கை ஆசிரியையிடம் சரிபார்ப்பது போலக் கேட்டாள். "அன்னிக்கு நான் கேட்டேன் மா. கார்டு இருக்கேன்னு."

"ஆமா. கேட்டே."

மன்னித்துவிடு என்று சொல்ல வாய் எழவில்லை. சொன்னால் அதையும் அந்தப் பெண்ணின் தலையில் ஏற்றுவதாக இருக்கும். பாக்கியவதிக்குப் பிள்ளை விஷயம் மட்டும்தான் புரிந்திருந்தது. கார்டு, ஊசி ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் வாழ்க்கையில் முதல் தடவையாக, கேட்காமல் இருந்தாள்.

சேலைக்கு வெளியே அய்யாக்கண்ணு தொண்டையைக் கனைத்தார். "ஆச்சா? ரெண்டரைக்கு வேன் வந்துரும்."

"கொஞ்சம் இருங்க," என்றாள் அவர் மனைவி. பிறகு தன் வேலையின் நினைவு வந்தவளாக முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "அப்ப முறை மாறுதும்மா. புள்ள இருக்கறப்ப மத்தவங்க தொடக் கூடாது." எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து ஷர்மினியிடம் நீட்டினாள். "நீ வா. தலைமாட்டுல நில்லு. வலது கையால மூணு தடவ தொட்டு வை, போதும்."

ஜெயலெட்சுமி தலைமாட்டில் நின்றிருந்தாள். விலகி வழிவிட்டாள்.

ஷர்மினி மூன்று தடவை வைத்தாள். அதற்கப்புறமும் நிறுத்தவில்லை. உச்சியில் தேய்த்தாள், வகிடு ஓரம் தேய்த்தாள், ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரி பிசுபிசுத்துக் கிடந்த நெற்றியோரத்தை விரலால் உருட்டி உருட்டிச் சுத்தம் செய்தாள். காதுக்குப் பின்னாலும் வைத்தாள். நேரம் ஆகிக்கொண்டிருந்தது. போதும் என்று யாரும் சொல்லவில்லை. பாக்கியவதிதான் முதலில் அழ ஆரம்பித்தாள். ஷர்மினி அழவில்லை. அம்மாவைப் போலவே இருக்கிறாள் என்று ஜெயலெட்சுமிக்குத் தோன்றியது. எந்த அம்மாவை என்று தன்னையே கேட்டுக்கொள்ள அவளுக்குப் பயமாக இருந்தது.

"அடுத்தது கூடப்பொறந்தவங்க," என்றாள் அய்யாக்கண்ணுவின் மனைவி.

ஜெயலெட்சுமி இரண்டடி முன்னால் வந்து கையை நீட்டினாள். ஷர்மினி அந்தக் கையைப் பார்த்தாள். கிண்ணத்தை அதில் கொடுக்கவில்லை. சிமெண்டுத் தரையில் வைத்துவிட்டு, பெஞ்சைச் சுற்றிக்கொண்டு போய் சித்தியின் கால்மாட்டில் நின்றாள்.

ஜெயலெட்சுமி குனிந்து எடுத்தாள். எண்ணெய் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது.